மூச்சு வாங்கும் இடம்

தமிழ் எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குத் தேம்பாவணி இருந்தது. இரட்சணிய யாத்திரிகம் இருந்தது. கிறிஸ்தவர்களின் தமிழ்த் தொண்டு பற்றித் தேர்வில் ஒரு கேள்வி தவறாமல் வரும். அதற்கு விடையும் எல்லோர் கையிலும் தயாராக இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆயிரக்கணக்கான தேவாலயங்களில் வாய்விட்டுப் பாடப்படும் ஒரு பெரிய மொழிபெயர்ப்புத் தொகுதியைப் பற்றி எங்கள் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. அதன் பெயர் பாமாலை.

தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் சபைகளிலும் தமிழ் ஆராதனைக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே இரண்டு வகைப் பாடல்கள் உண்டு. ஒன்று கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ராக தாளத்தோடு வருவது. மற்றொன்று பாமாலை அல்லது ஞானப்பாட்டு. ஜெர்மன், ஆங்கிலக் கீதங்களின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் பொருளைத் தமிழில் தருவது. கீர்த்தனைக்கு ஒரு ஆர்மோனியமும் தாளமும் போதும். பாமாலை முழுதாக நிற்க வேண்டுமானால் ஆர்கன் வேண்டும். நான்கு குரலில் பாடத் தெரிந்த பாடகர் குழுவும் வேண்டும்.

நான் கிறிஸ்தவன் அல்ல. காவிரிக் கரையில் பிறந்து, நாகஸ்வரமும் தேவாரமும் கேட்டு வளர்ந்தவன். மொழிபெயர்ப்பும் பத்திரிகையும் பிழைப்பாகி பெங்களூருக்கு வந்த பிறகுதான் பாமாலை என் காதில் விழுந்தது. விழ வைத்தவர் எங்கள் மேல் வீட்டு டீச்சர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நாற்பது வருடங்களாகத் தமிழ் ஆராதனையில் ஆல்ட்டோ பாடுகிறவர். மாடியில் துணி காயப்போடும்போது ஒரு மெட்டை முணுமுணுப்பார். அது எங்கும் போய்ச் சேராது. பெரிதாக ஏறாது, பெரிதாக இறங்காது, மூன்று நான்கு சுரங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

“இது என்ன பாட்டு டீச்சர்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இது பாட்டு இல்ல தம்பி. பாட்டுல என்னோட பங்கு. மீதி மூணு பங்கு சர்ச்சுல இருக்கு. வந்து கேளுங்க” என்றார்.

பெங்களூரில் தமிழ்ப் பாமாலை ஏன் ஒலிக்கிறது என்பதற்கு இந்த ஊரின் சரித்திரமே காரணம். 1809-ல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபோது சென்னை ராணுவத்தோடு தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய்கள், சமையல்காரர்கள், வியாபாரிகள், கட்டட வேலைக்காரர்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் இன்றும் அல்சூர் ஏரிக்கு அருகேதான் இருக்கிறது. வெள்ளை அதிகாரிகளுக்காக 1812-ல் செயின்ட் மார்க்ஸ் தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டது. கப்பன் சாலையில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1866-ல் திறக்கப்பட்டது. அங்குள்ள குழாய் ஆர்கன் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்து பீட்டர் கோனாக்கர் கம்பெனி செய்தது, 1881-ல் நிறுவப்பட்டது. துரைமார் ஆங்கிலத்தில் பாடிய அதே மெட்டுகளைத் தமிழர்கள் தங்கள் தேவாலயங்களில் தமிழில் பாடினார்கள். துரைமார் போய்விட்டார்கள். பாட்டு போகவில்லை.

நம் காது இந்தச் சங்கீதத்துக்குப் பழக்கப்பட்டதல்ல. நாம் கேட்டு வளர்ந்தது ஒற்றை வரி இசை. ஒரு குரல், அதன் பின்னே நிழல்போல ஒரு வயலின், அடியில் தம்புரா. சுரங்களை அசைத்து, இழைத்து, கமகமாக்கி மகிழ்வது நம் வழக்கம். நான்கு குரல் இசையில் அப்படி யாரும் தன்னிஷ்டப்படி அசைக்க முடியாது. ஒரே நொடியில் நான்கு சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன. ஒருவர் வழுக்கினால் கட்டடமே ஆடும். அதனால் முதல்முறை கேட்கும் தமிழ்க் காதுக்கு இது தட்டையாக, மரத்தனமாகத் தோன்றுவது இயற்கை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

டீச்சர் ஒரு வழி சொன்னார். “மேல பாடுற சோப்ரானோவ எல்லாரும் கேட்பாங்க. அத விடுங்க. பாஸ் பாடுறவங்கள மட்டும் ஒரு பாட்டு முழுக்கப் பிடிச்சிக்கிட்டுப் போங்க. அடுத்த வாரம் டெனார். அதுக்கடுத்த வாரம் எங்கள.” சங்கீத விமர்சகர்கள் ஒரு புத்தகத்தில் சொல்வதை இரண்டு வரியில் சொல்லிவிட்டார். நான்காவது வாரம் எனக்கு மெட்டு கேட்கவில்லை; கட்டடம் கேட்டது. மேலே சோப்ரானோ ஒரு சொல்லில் அசையாமல் நிற்கும்போது, கீழே பாஸ் ஒரு படி இறங்குகிறது. சொல் அதேதான், அதன் நிறம் மட்டும் மாறிவிடுகிறது. நாம் ஒரு சுரத்தை அசைத்துக் காட்டும் பாவத்தை அவர்கள் அந்தச் சுரத்தின் கீழே உள்ள தரையை அசைத்துக் காட்டுகிறார்கள்.

ஆர்கன் இதற்குத் துணை என்று சொல்வது பாதி உண்மைதான். அது இன்னொரு பாடகர் குழு. பெரிய ஆர்கனில் நூற்றுக்கணக்கான குழாய்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு சுரத்தைத்தான் ஊதும். எட்டு அடி வரிசை என்றால் அதன் மிகத் தாழ்ந்த குழாய் ஏறக்குறைய 8 அடி நீளம் என்று பொருள். பதினாறு அடி வரிசை அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. அதை வாசிப்பவர் கால்களால் மிதிக்கிறார். காற்றை இன்று மின்சார விசிறி தருகிறது. முன்பு பின்னால் ஒரு ஆள் நின்று துருத்தி மிதிக்கவோ இழுக்கவோ வேண்டியிருந்தது. வீணையில் மீட்டிய நாதம் மெல்லத் தேய்ந்து போகும். ஆர்கனில் தேயாது. விரலை எடுக்கும்வரை அதே பலத்தில் நின்றுகொண்டிருக்கும். அழுத்தி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒலி ஒன்றுதான்.

அதாவது ஆர்கனுக்கு மூச்சு முட்டுவதே இல்லை. நாள் முழுக்க ஊதச் சொன்னாலும் ஊதும். ஆனால் நல்ல ஆர்கன் வாசிப்பாளர் ஒவ்வொரு அடியின் முடிவிலும் கையைச் சற்றே தூக்குகிறார். பாடுகிறவர்கள் மூச்சு வாங்க வேண்டும் என்பதற்காக மூச்சே தேவைப்படாத அந்த யந்திரமும் மூச்சு வாங்குகிறது. இந்த ஒன்றைக் கவனித்த நாளிலிருந்துதான் எனக்கு இந்த இசை பிடித்துப்போனது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பாளனுக்குப் பாமாலையைவிடக் கொடிய சோதனை இல்லை. ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள் ஏராளம். எட்டு சுரம் உள்ள ஒரு அடியில் ஆறு ஏழு சொற்களை அடைத்துவிடலாம். தமிழில் மூன்று சொல் போட்டாலே எட்டு அசை நிரம்பிவிடும். ஆகவே பாதிப் பொருளை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் கேள்வி. அடுத்த தொல்லை, நம் வினைச்சொல் கடைசியில் வரும். மெட்டின் உச்சி எங்கோ நடுவில் இருக்கும். அங்கே எந்தச் சொல் வந்து விழுகிறதோ அதுதான் மக்கள் மனதில் தங்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை குறில் நெடில். ஆங்கிலத்துக்கு அழுத்தம்தான் முக்கியம். தமிழில் மாத்திரை பொருளையே மாற்றும். ‘விடு’ என்ற சொல் நீண்ட சுரத்தில் மாட்டிக்கொண்டால் சபை முழுக்க ‘வீடு’ என்று பாடும். ‘கல்’ காலாகிவிடும், ‘குடம்’ கூடமாகிவிடும். பாமாலையைக் கேலி செய்யும் தமிழாசிரியர்கள் இந்த இடங்களைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். கேலியில் நியாயம் உண்டு. ஆனால் நல்ல பாமாலைகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். நீண்ட சுரத்தில் நெடிலோ, ஒற்றடுத்த குறிலோ வந்து உட்கார்ந்திருக்கும். ஓடும் சுரங்களில் குறில்கள் ஓடும். கேட்பவருக்கு அது மொழிபெயர்ப்பு என்றே தோன்றாது.

இது நம் யாப்புக்கு அந்நியமான வித்தையும் அல்ல. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எழுத்தெண்ணிப் பாட வேண்டும். நேரசையில் தொடங்கினால் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கினால் 17. எண்ணிக்கைக்குள் நின்று இயல்பாகப் பேசுவது தமிழ்ப் புலவர்களுக்குத் தெரிந்த விளையாட்டுத்தான். பாமாலைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் 8, 6, 8, 6 என்று அசைக் கணக்கு போட்டிருப்பதைப் பார்த்தபோது எனக்குக் காரிகை வகுப்பு ஞாபகம் வந்தது.

குழுவாகப் பாடுவதில் தமிழுக்கு ஒரு சலுகைகூட உண்டு. ஆங்கிலப் பாடகர் குழுவுக்குப் பெரிய தலைவலி சொல்லின் கடைசியில் வரும் ‘ட்’, ‘ஸ்’ போன்ற ஒலிகள். நாற்பது பேரும் ஒரே நொடியில் ‘ட்’ போடாவிட்டால் கூரைமேல் ஆலங்கட்டி விழுந்தது போலிருக்கும். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. உயிரிலோ, ம், ன், ல், ர் போன்ற மெல்லிய மெய்களிலோதான் முடியும். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்த இந்த விதி, நாற்பது பேர் ஒரு ‘ம்’மில் வாய் மூடி நிறுத்தும்போது காதுக்குச் சுகமாகிறது.

இந்த வேலை எப்போது தொடங்கியது? 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அங்கே எழுந்த புதிய எருசலேம் தேவாலயம் 1718-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஜெர்மன் கீத மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொற்களைப் பொருத்தும் முயற்சி சீகன்பால்கு காலத்திலேயே ஆரம்பமாகிவிட்டது. இந்த மிஷனுக்குத் தாய்வீடு ஜெர்மனியின் ஹாலே நகரம். 1685-ல் ஹண்டல் பிறந்த ஊரும் அதுதான். அதே வருடம் பிறந்த பாக், 1723-லிருந்து லைப்சிக் நகரத்தில் லுத்தரன் கீதங்களுக்கு நான்கு குரல் அமைத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கீத மரபு தரங்கம்பாடிக் கடற்கரையில் தமிழில் ஒலித்துக்கொண்டிருந்தது. பிறகு வந்த ஃபாப்ரிஷியஸ் (1711–1791) மொழிபெயர்த்த பாடல்கள் பல தலைமுறைகள் தாண்டி நின்றன. ஹண்டல் ‘மெசையா’வை 1741-ல் 24 நாட்களில் எழுதினார், 1742 ஏப்ரலில் டப்ளினில் முதலில் அரங்கேறியது. மேற்கத்திய தெய்வீக இசை நமக்கு நேற்று வந்த விருந்தாளி என்று நினைப்பவர்களுக்காக இந்த வருடங்களைச் சொல்கிறேன். மெசையா பிறக்கும் முன்பே தமிழில் ஞானப்பாட்டு இருந்தது.

இதைத் தமிழர்கள் கைகட்டி ஏற்றுக்கொண்டார்கள் என்பதும் இல்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்தவர். ஜெர்மன் மெட்டுகளை நன்கு அறிந்தவர். ஆனாலும் குறவஞ்சி, கீர்த்தனை என்று நம் வடிவங்களில்தான் பாடினார். இன்னொரு பக்கம் முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டும் அவற்றில் உண்டு. நோட்டு சுரங்கள் என்று இன்றும் பிள்ளைகள் அவற்றைப் பாடுகிறார்கள். தீட்சிதரின் மெட்டு மாற்றம் சங்கீத சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டது. பாமாலை ஆசிரியர்களின் சொல் மாற்றம் தமிழ் இலக்கிய சரித்திரத்தில் இடம் கேட்டு வாசலில் நிற்கிறது.

எதிர்க்குரலும் உண்டு. மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று அறியப்பட்டவர், 2005-ல் காலமானார். பாமாலையும் கர்நாடகக் கீர்த்தனையும் இரண்டுமே கிராமத்துத் தலித் கிறிஸ்தவனுடைய இசை அல்ல என்றார் அவர். நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே அமைத்துக் காட்டினார். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆர்கன் வாங்க வசதியுள்ள சபைகள் எவை, சுரம் படிக்கக் கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் யார் என்று பார்த்தால் அவர் கோபம் புரியும். ஆனால் டீச்சரின் தகப்பனார் ராணுவக் குடியிருப்பில் தோட்ட வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. கேட்டுக் கேட்டே டெனார் பாடினார் என்று அவர் சொல்வார். யாருடைய இசை என்பதை அது பிறந்த ஊர் மட்டும் தீர்மானிப்பதில்லை. பாடிய வாயும் தீர்மானிக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன் டீச்சர் ஒரு காகிதத்தோடு வந்தார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட ஒரு ஆங்கிலப் பாடலுக்குத் தமிழ் வேண்டும். நான் பேனாவை எடுத்தேன். “அர்த்தத்த அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. முதல்ல மூச்சு எங்க வாங்கணும்னு குறிச்சிக்குங்க” என்றார். அரை மணி நேரம் பாடிக் காட்டினார். நான் கோடு கோடாகப் போட்டேன். அதன் பிறகுதான் சொற்கள்.

மெட்டின் உச்சியில் ஆங்கிலத்தில் அமைதி என்ற பொருளுள்ள சொல் இருந்தது. பல்கலைக்கழகம் என்னைத் தனித்தமிழில் வளர்த்தது. ‘அமைதி’ என்று போட்டேன். டீச்சர் பாடிப் பார்த்தார். “நல்ல வார்த்தைதான். ஆனா அதுல எங்க வாயத் திறக்கிறது?” அவர் சொன்னது நியாயம். அமைதியில் நெடில் இல்லை. நடுவில் வரும் ஐகாரமும் குறுகிவிடும். உச்ச சுரத்தில் இகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் சோப்ரானோக்கள் கீச்சிடுவார்கள். ‘சமாதானம்’ என்றால் இரண்டு ஆகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. வாய் தானாகத் திறக்கிறது. கடைசியில் ஒரு ‘ம்’ வேறு. வடசொல்தான். ஆனால் முந்நூறு வருடங்களாகத் தமிழர்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்தாகச் சொல்லிவரும் சொல். நான் ஒப்புக்கொண்டேன். கிறிஸ்துமஸ் காலையில் அந்த ‘தா’ உச்சிக்குப் போனது. ஆர்கன் கீழிருந்து தாங்கியது. அகராதியில் நான் தேடிய சொல்லைவிட அது பெரியதாக இருந்தது.

இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறொரு கனமும் உண்டு. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது பெங்களூர்த் தமிழர்கள் இருட்டிய பிறகு வெளியே வர அஞ்சினார்கள். அந்த வருடம் பாடல் பயிற்சியை மதியத்துக்கு மாற்றியதாக டீச்சர் சொன்னார். ஆண்கள் பலர் வரவில்லை. கன்னட ஆராதனையில் பாடும் இரண்டு பேர் வந்து பாஸ் வரிசையில் நின்றார்களாம். மெட்டு அவர்களுக்குத் தெரிந்ததுதான். அதைக் கன்னடத்தில் சிறு வயதிலிருந்தே பாடியவர்கள். தமிழ்ச் சொற்களைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடினார்கள். தேவாலயங்கள் மொழிச் சண்டைக்கு அப்பாற்பட்டவை என்று சொல்ல வரவில்லை. வழிபாடு எந்த மொழியில் என்பதற்காகப் பெங்களூர்க் கத்தோலிக்கர்கள் பல ஆண்டுகள் மோதிக்கொண்டது ஊரறிந்த விஷயம். ஆனால் 1551-ல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் அச்சான ஒரு மெட்டை, ஒரே ஞாயிறு காலையில் இந்த நகரத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் கன்னடத்திலும் கேட்க முடியும். மூன்று மொழிக்கும் மூச்சு வாங்கும் இடம் ஒன்றுதான்.

இன்று நிலைமை மாறிவருகிறது. குழாய் ஆர்கனைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் நாட்டிலேயே மிகச் சிலர். தோல் விரியும், கறையான் அரிக்கும், வெயில் ஏறினால் குழாயின் சுருதியும் ஏறும். செலவு பெரிது. ஒரு மின்னணுக் கீபோர்டு அந்தச் செலவில் சிறு பகுதிதான். அதில் பொத்தானை அழுத்தினால் தாளமும் தானே வரும். தாளம் தானாக ஓடும்போது அடி முடிவில் யாரும் கையைத் தூக்குவதில்லை. யந்திரத்தின் வேகத்துக்குப் பாடுகிறவர்கள் ஓட வேண்டும். டீச்சர் குழுவில் சுரக்குறிப்பு படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது ஆறு பேர். இளைஞர்கள் எல்லோரும் சோப்ரானோ மெட்டையே பாடுகிறார்கள். “பங்கு பிரிச்சுப் பாட யாருக்கும் பொறுமையில்ல தம்பி” என்கிறார். பாமாலையின் சொற்கள் புத்தகத்தில் இருக்கும். ஆனால் ஏன் அந்த இடத்தில் அந்த நெடில் என்பது நான்கு குரலும் ஆர்கனும் சேர்ந்து ஒலிக்கும்போதுதான் விளங்கும். ஒலி போனால், பிறகு அச்சிலிருப்பது ஏதோ வளைந்து நெளிந்த தமிழாகத்தான் தெரியும். கேலி மட்டும் மிஞ்சும்.

இது ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் பாரம்பரியப் பிரச்னை மட்டும் அல்ல. 2005-ல் இளையராஜா திருவாசகத்தை மேற்கத்திய சேர்ந்திசையோடும் சிம்பொனி இசைக்குழுவோடும் தந்தபோது நாம் வியந்தோம். மாணிக்கவாசகர் நான்கு குரலில் ஒலிக்க முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. முடியும் என்பதைத் தமிழ் அதற்கு முன்பே மூன்று நூற்றாண்டுகளாகப் பழகிப் பார்த்திருந்தது. பழகியவர்கள் நம் தெருவிலேயே இருந்தார்கள். நாம்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

தமிழ்த் துறைகள் பாமாலையை யாப்பு வகுப்பில் ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம். ஆராய்ச்சிக்குத் தலைப்பு கிடைக்காமல் தவிக்கும் மாணவர்களுக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு: யாரும் அதிகம் தொடாத வயல் இது. மற்றவர்களுக்கு நான் சொல்லக்கூடியது டீச்சர் எனக்குச் சொன்னதுதான். ஒரு ஞாயிறு போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். யாரும் என்ன ஜாதி, என்ன மதம் என்று கேட்கப் போவதில்லை. மெட்டை விட்டுவிடுங்கள். ஆல்ட்டோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கும் போய்ச் சேராத அந்த மூன்று நான்கு சுரங்கள் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் நிற்காது என்பது நாலாவது வாரத்தில் தெரியும்.